யூரிக் ஆசிட் ஏறியது பிரஷர் மாத்திரையால்

கால் கட்டைவிரல் வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போனது. யூரிக் ஆசிட் 9.1. கவுட், அதாவது யூரிக் ஆசிட் மூட்டில் படிந்து வரும் வீக்கம். பருப்பை நிறுத்து, தக்காளியை நிறுத்து என்று ஆளாளுக்கு யோசனை. மருத்துவரோ, "பிரஷருக்கு என்ன மாத்திரை போடறீங்க?" என்று அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். டெல்மிசார்ட்டானுடன் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை. பெயருக்குப் பின்னால் 'எச்' என்று நிற்பது இதுதான். இது சிறுநீரைப் பெருக்கும், ஆனால் யூரிக் ஆசிட்டை வெளியே விடாது.

அதற்குப் பதில் லோசார்ட்டான் எழுதினார். அது பிரஷரோடு யூரிக் ஆசிட்டையும் கொஞ்சம் இறக்கும். வலி அடங்கியதும் யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் அலோபியூரினால் மாத்திரையை 100 மில்லிகிராமில் ஆரம்பித்து மெல்ல ஏற்றினார். வலி திரும்பாமலிருக்கச் சில மாதம் கூடவே கால்ச்சிசின். தோலில் தடிப்பு வந்தால் அலோபியூரினாலை உடனே நிறுத்திவிட்டு வரச் சொன்னார். நல்லவேளை, வரவில்லை. பருப்பு தொடர்ந்தது. பீர், ஆட்டு ஈரல், நெத்திலி, பாட்டில் குளிர்பானம் நின்றன. (நெத்திலியை விட்டதுதான் கஷ்டம்.) இப்போது 5.6.

சரி, இதனால் இதயமும் தப்பித்ததா? யூரிக் ஆசிட் கூடியவர்களுக்கு இதய நோய் அதிகம் வருவது உண்மை. ஆனால் பிரஷர், சிறுநீரகக் கோளாறு, உடல் பருமன் எல்லாம் அதோடு கைகோத்தே வருகின்றன. பிரிட்டனின் ஆல்-ஹார்ட் ஆய்வில், கவுட் இல்லாத இதய நோயாளிகள் 5,700க்கும் மேற்பட்டோரைக் கவனித்தார்கள். அலோபியூரினால் எடுத்தவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. முடிவு 2022-இல் வந்தது. அதனால் இதயத்துக்கென்று என் மருத்துவர் பார்ப்பது பிரஷரையும் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பையும்தான்.