யானைக்குப் பக்கத்தில் எங்கே நிற்பது

2018 மே மாதம் சமயபுரம் கோயில் யானை மசினி தன் பாகனைக் கொன்றது. 2023 ஏப்ரலில் அதே மசினி, தெப்பக்காடு யானைகள் முகாமில் இன்னொரு பாகனைக் கொன்றது. 2024 நவம்பர் 18 அன்று திருச்செந்தூர் கோயில் யானை தெய்வானை தாக்கியதில் பாகனும் அவருடைய உறவினரும் இறந்தார்கள். இரண்டுமே பெண் யானைகள். "மதம் பிடித்த கொம்பன்தான் ஆபத்து, இது குழந்தை மாதிரி" என்ற பேச்சை நம்பி யாரும் கொட்டிலுக்குள் கால் வைக்கக் கூடாது.

மாட்டையும் நாயையும் மனிதன் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சாதுவானதைத் தேர்ந்தெடுத்து இனம் பெருக்கினான். யானையை யாரும் அப்படிச் செய்ததில்லை. கோயில் வாசலில் நிற்பது காட்டில் பிடிபட்டதாக இருக்கும், இல்லாவிட்டால் அப்படிப் பிடிபட்டதன் குட்டியாக இருக்கும். அந்த ஒரு யானை பழகியிருக்கிறது, அவ்வளவுதான். அச்சமும் எரிச்சலும் வலியும் வந்தால் அது காட்டு யானை செய்வதைத்தான் செய்யும். மூன்று, நான்கு டன் எடையுள்ள விலங்கு கோபத்தில் செய்தாலும் தவறுதலாகச் செய்தாலும் மனித விலா எலும்புக்கு ஒன்றுதான். அதனால் பாதுகாப்பு என்பது பாசத்தைப் பொறுத்ததல்ல, நாம் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. புதிதாகச் சேர்ந்த உதவிப் பாகன், முகாமில் காவடி (பாகனுக்கு உதவியாள்) வேலைக்கு வந்தவர், கோயில் ஊழியர் எல்லோருக்கும் முதலில் தெரிய வேண்டியது இது.

கோடு போடுங்கள்

கட்டுத்தறியிலிருந்து யானையின் எட்டும் தூரத்தைக் கணக்கிடுங்கள். பின்னங்காலில் 3 மீட்டர் சங்கிலி என்றால், அந்தக் காலிலிருந்து தலை வரை ஏறக்குறைய 3 மீட்டர், நீட்டிய தும்பிக்கை 2 மீட்டர். மொத்தம் 8. உடம்பைச் சாய்த்து எட்டுவதற்கு இன்னும் 2 மீட்டர் சேர்த்து, தறியைச் சுற்றி 10 மீட்டர் ஆரத்தில் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். பாகனையும் உதவியாளரையும் தவிர யாரும் அதைத் தாண்டக் கூடாது. பாகனின் மைத்துனர், கோயில் அதிகாரியின் விருந்தாளி, படம் எடுக்க வந்தவர் எல்லோருக்கும் இதே கோடுதான். விதிவிலக்கு கொடுக்கப்படுவது பெரும்பாலும் தெரிந்த முகங்களுக்குத்தான் என்பதால் இங்கே கண்டிப்பு அவசியம்.

கோட்டுக்குள் கல், செங்கல், கட்டைத் துண்டு, இரும்பு வாளி எதுவும் கிடக்கக் கூடாது. யானை குறி பார்த்து எறியும்.

காலையில் நெருங்கும் முன்

கோட்டுக்கு வெளியே நின்று ஐந்து நிமிடம் பாருங்கள். காது விசிறுகிறதா, வால் ஆடுகிறதா, தும்பிக்கை தளர்வாக இருக்கிறதா? அப்படியென்றால் யானை நிம்மதியாக இருக்கிறது. காது விரிந்து அப்படியே நின்றுவிட்டது, வால் விறைத்திருக்கிறது, தலை தூக்கியிருக்கிறது, தும்பிக்கை உள்ளே சுருண்டிருக்கிறது என்றால் அன்று நெருங்க வேண்டாம். அதிகம் ஏமாற்றுவது திடீர் அமைதி. அசைந்துகொண்டே இருந்த யானை உங்களைக் கண்டதும் சிலை போல நின்றால், அது மரியாதையல்ல. உங்களையே கவனிக்கிறது.

இரவில் போட்ட தீனி மிச்சமிருக்கிறதா, லத்தி வழக்கமான அளவில் விழுந்திருக்கிறதா, இளகியிருக்கிறதா, படுத்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். வயிற்றுவலியோ தூக்கமின்மையோ உள்ள யானையிடம் வேலை வாங்கப் போவது பெரிய தவறு. நெருங்கிய பிறகு சங்கிலி வளையத்துக்குக் கீழே பார்ப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வளையத்தைக் கொஞ்சம் மேலே தள்ளினால் தோல் வெளிறி, ஈரம் கசிந்து, ஈ மொய்த்திருந்தால் புண் தொடங்கிவிட்டது. பிறகு அந்தக் காலைத் தொடும் ஒவ்வொரு முறையும் வலிக்கும், தொட்ட கையை யானை நினைவில் வைத்துக்கொள்ளும். அன்றே சங்கிலியை வேறு காலுக்கு மாற்றி, கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். வெயிலில் கிடந்து சுட்ட சங்கிலியைக் கட்டும் முன் தண்ணீர் ஊற்றி ஆற்றுங்கள்.

நெருங்கும் விதம்

யானையின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருக்கின்றன. நேர் பின்னால் நிற்பவரும், தும்பிக்கைக்கு அடியில் புகுந்தவரும் அதன் பார்வைக்குத் தெரிவதில்லை. எனவே தூரத்திலேயே பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பதில் அசைவு வந்த பிறகு, முன்பக்கவாட்டிலிருந்து சாய்வாக வந்து தோளுக்கு அருகே நில்லுங்கள். பாகன் எப்போதும் எந்தப் பக்கம் வருவாரோ அந்தப் பக்கமே வாருங்கள். அதன்பின் பேச்சை நிறுத்தாதீர்கள். பின்பக்கம் போக வேண்டியிருந்தால் உடம்பில் கையை வைத்தபடியே, குரல் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். பின்னங்கால் உதை நினைத்ததைவிட வேகமாக, பக்கவாட்டிலும் வரும்.

சுவருக்கும் யானைக்கும் நடுவில் போகவே கூடாது. தூண், தேர்ச் சக்கரம், லாரிப் பலகை எல்லாம் இதில் அடங்கும். யானை கோபமே இல்லாமல், சொறிந்துகொள்ளச் சாய்ந்தாலே ஆள் நசுங்கிவிடுவார். கொட்டிலின் ஒரு பக்கமாவது முழுக்கத் திறந்திருக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் சைக்கிள், வாளி, தீவனக் கட்டு எதையும் வைக்காதீர்கள்.

தனியாக ஒருபோதும் உள்ளே போகாதீர்கள். ஒருவர் வேலை செய்யும்போது இன்னொருவர் தலைப்பக்கம் நின்று முகத்தை மட்டும் பார்க்க வேண்டும். அவர் கையில் கைபேசி இருக்கக் கூடாது. குடித்தவரைக் கொட்டிலுக்குள் விடவே கூடாது. அந்த வாசம் பழக்கமில்லாத யானை மிரளும். வாசம் ஒரு பக்கம் இருக்கட்டும், குடித்தவரின் கட்டளை குழறும், காலும் தாமதமாக நகரும்.

குளிப்பாட்டும்போதும் நகம் சீவும்போதும்

படுத்திருக்கும் யானை பாதுகாப்பானது என்ற எண்ணம் தவறு. எழும்போது கால்களை வீசி, உடம்பை உருட்டி, முன்னங்காலை ஊன்றித்தான் எழும். தேங்காய் மட்டையால் தேய்ப்பவர் முதுகுப் பக்கம் நிற்க வேண்டும், கால்களுக்கு நடுவில் அல்ல. எழச் சொல்லும் முன் எல்லோரும் மூன்று மீட்டராவது விலக வேண்டும். கட்டளையைப் பாகன் ஒருவர் மட்டுமே கொடுக்க வேண்டும். ஆளுக்கொரு குரல் கொடுத்தால் யானை குழம்பும், குழப்பம் எரிச்சலாகும்.

நகம், பாதம் பார்க்கும்போது காலை மரக்கட்டை மேல் வைக்கப் பழக்குங்கள். சம்மணம் போட்டு உட்காராதீர்கள். ஒரு முழங்காலை மட்டும் ஊன்றி, மற்ற காலைப் பின்னால் தயாராக வைத்தால் எழுந்து விலக ஒரு நொடி போதும். வெடிப்பிலோ சீழ்க் கட்டியிலோ கருவி பட்டால் யானை காலை இழுக்கும். இழுத்த கால் உங்கள் மேல் ஊன்றலாம். வலி இருக்கும் இடத்தை மருத்துவரிடம் விடுங்கள்.

மத காலம்

ஆண் யானைக்குப் பதினைந்து, இருபது வயதுக்கு மேல் மதம் வருகிறது. கண்ணுக்கும் காதுக்கும் நடுவே உள்ள சுரப்பி வீங்கும். முதலில் அந்த இடம் லேசாக ஈரமாகத் தெரியும், வியர்வை என்று நினைத்துவிடலாம். பிறகு அந்தத் துளையிலிருந்து எண்ணெய் போலக் கறுத்த கோடு கன்னம் வழியே இறங்கும், வாடை கடுமையாக இருக்கும். தீவிரமாகும்போது சிறுநீர் விடாமல் சொட்டி, பின்னங்கால்களின் உட்புறம் நனைந்திருக்கும். சில வாரம் முதல் இரண்டு, மூன்று மாதம் வரை நீடிக்கலாம். இது நோய் அல்ல. ஆண்மைச் சுரப்பு பல மடங்கு உயரும் பருவம்.

வீக்கம் தெரிந்த அன்றே வேலை, ஊர்வலம், ஆசீர்வாதம் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். மதநீர் வழியும் வரை காத்திருந்தால் கட்டுவதற்கே நெருங்க முடியாமல் போகும். நிழலும் தண்ணீரும் உள்ள, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் முன்னங்கால் ஒன்றும் பின்னங்கால் ஒன்றும் சேர்த்துக் கட்டுங்கள். அதற்கு முன் சங்கிலியின் கண்ணிகளை ஒவ்வொன்றாகத் தேய்மானம் பாருங்கள். தண்ணீர் குழாய் வழியாகத் தொட்டிக்கு வர வேண்டும். தழையை நீண்ட கழியால் தள்ளுங்கள், கையால் நீட்ட வேண்டாம். சாதக் கவளம், வெல்லம் போன்ற சத்தான தீனியைக் குறைப்பது வழக்கம். அளவை மருத்துவர் சொல்லட்டும். தண்ணீரைப் பீய்ச்சி உடம்பைக் குளிரவைப்பதும் நல்லது.

மதம் ஏறும் முதல் நாட்களிலும், "வடிந்துவிட்டது" என்று நினைத்து அவிழ்க்கும் நாட்களிலும் இரட்டிப்புக் கவனம் வேண்டும், ஏனென்றால் அப்போதுதான் ஆள் அருகே போகிறார். மதநீர் நின்றால் போதாது. சிறுநீர்ச் சொட்டும் நின்று, தூரத்திலிருந்து கொடுக்கும் கட்டளைக்குப் பல நாள் தொடர்ந்து கீழ்ப்படிய வேண்டும். கேரளத்தில் கெட்டியழிக்கல் என்ற பெயரில் இந்தச் சமயத்தில் யானையை அடித்துப் பணியவைக்கும் வழக்கம் உண்டு. அது கொடுமை. அடித்தவர்களை நினைவில் வைத்திருக்கும் யானையை மறுபடி திருவிழாக் கூட்டத்துக்குள் நடத்திப் போவது அதைவிடப் பெரிய ஆபத்து.

பாகன் மாறும்போதும் இதே பொறுமை வேண்டும். புதியவர் பழையவரோடு சில வாரமாவது கூடவே நிற்க வேண்டும், தீனியைப் படிப்படியாகப் புதியவர் கையால் கொடுக்க வேண்டும். ஒரே நாளில் சாவியும் அங்குசமும் கைமாறினால் யானைக்கு நீங்கள் அந்நியர்தான்.

கை மீறினால்

யானையோடு ஓடிப் போட்டி போட முடியாது. தடித்த மரம், கல் தூண், குறுகிய சந்து என்று மனிதன் மட்டும் நுழையும் இடத்தைப் பிடியுங்கள். கொட்டிலில் அப்படி ஒரு இடத்தை முன்கூட்டியே கட்டிவிடலாம்: உறுதியான இரும்புத் தூண்களை 45 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் ஆள் பக்கவாட்டில் நழுவிப் போகலாம், யானை வர முடியாது. தூண்களுக்குப் பின்னால் தும்பிக்கை எட்டாத ஆழம் இருக்க வேண்டும். துண்டு, சட்டை எது பிடிபட்டாலும் விட்டுவிடுங்கள்.

ஒருவர் மாட்டிக்கொண்டால் அவரைக் காப்பாற்ற இன்னொருவர் உள்ளே ஓடாதீர்கள். யானை நம்பும் ஒரே ஆள், பழகிய தொனியில் கட்டளை கொடுத்து, பிடித்த தீனியைக் காட்டி அதன் கவனத்தை வேறு பக்கம் திருப்பட்டும். கூட்டத்தையும் கூச்சலையும் வெளியேற்றுங்கள். மயக்க ஊசி உடனே வேலை செய்யாது; மருந்து ஏறும் வரை யானை நடமாடும், அந்த மருந்துகளில் சில மனிதனுக்கு உயிரையே பறிப்பவை. அதை மருத்துவர் மட்டுமே கையாள வேண்டும். மீட்டவரை அசைக்காமல் பலகையில் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். வெளியே ரத்தம் இல்லாவிட்டாலும் உள்ளே கசிந்துகொண்டிருக்கலாம், குடிக்கத் தண்ணீர் கொடுக்காதீர்கள்.

தாக்குதல் அல்லாத ஆபத்தும் ஒன்று உண்டு: காசநோய். மனிதனிடமிருந்து யானைக்கும், யானையிடமிருந்து மனிதனுக்கும் பரவும். பாகனுக்கும் யானைக்கும் ஆண்டுக்கு ஒரு முறை பரிசோதனை செய்யுங்கள். இருமல் இரண்டு வாரம் தாண்டிய ஆள் கொட்டிலுக்கு வர வேண்டாம்.

வசதி உள்ள இடங்களில் வேலி வழியாகப் பழகும் முறையைத்தான் நாங்கள் பரிந்துரைப்போம். அமெரிக்க உயிரியல் பூங்காக்கள் பல இதற்கு மாறிவிட்டன. தடித்த கம்பிகளுக்கு இந்தப் பக்கம் பாகன், அந்தப் பக்கம் யானை. கழி நுனியில் கட்டிய பந்தைத் தொட்டால் ஒரு பழம். காது பார்க்க ஒரு சன்னல், பாதம் வைக்க ஒரு திறப்பு. அடிக்கத் தேவையில்லை. பிடிக்காவிட்டால் யானையே விலகிப் போகலாம். முதலில் பழத்துக்காக அருகே வந்து நிற்கப் பழக்குங்கள், பிறகு கால் தூக்க, கடைசியாகக் காதிலிருந்து ரத்தம் எடுக்க. ஒவ்வொரு படியும் உறுதியாக வந்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் ஒரே வேளையில் பயிற்சி கொடுக்க வேண்டாம்.