பட்ஜெட்டின் மூலதனச் செலவை எப்படிப் படிப்பது?

பட்ஜெட் அன்று டிவியில் ‘உள்கட்டமைப்புக்கு ரூ.11 லட்சம் கோடி’ என்று ஓடும். அது பட்ஜெட்டின் மூலதனச் செலவு: சொத்து உருவாக்கவும், கடனும் முதலீடும் தரவும் அரசு ஒதுக்கும் பணம். அதில் ரோடாகவும் ரயில் பாதையாகவும் மாறப்போவது எவ்வளவு என்பதைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் போதும். 2025-26 மத்திய பட்ஜெட்டை வைத்தே பார்ப்போம்.

நிதியமைச்சகத்தின் பட்ஜெட் தளத்தில் ‘பட்ஜெட் அட் எ கிளான்ஸ்’ ஆவணத்தைத் திறந்தால், அட்டவணையில் நான்கு நெடுவரிசைகள் இருக்கும்: 2023-24 உண்மைச் செலவு, 2024-25 பட்ஜெட் மதிப்பீடு, அதே ஆண்டின் திருத்திய மதிப்பீடு (ஆண்டு ஓடும்போது மாற்றிக் கணித்தது), 2025-26 பட்ஜெட் மதிப்பீடு. சறுக்கல் இங்கேதான். 2025-26-இல் மூலதனச் செலவுக்கான ஒதுக்கீடு 11.21 லட்சம் கோடி. முந்தைய ஆண்டின் திருத்திய மதிப்பீடான 10.18 லட்சம் கோடியோடு ஒப்பிட்டால் சுமார் 10 சதவீதம் கூடியதாகத் தெரியும். பட்ஜெட் மதிப்பீடான 11.11 லட்சம் கோடியோடு ஒப்பிட்டால் ஒரு சதவீதம்கூட இல்லை. இரண்டுமே சரியான கணக்குதான். எதைச் சொல்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து கழித்தல். மாநிலங்களுக்கு வட்டியில்லாமல் 50 ஆண்டுக்குத் தரும் 1.5 லட்சம் கோடிக் கடனும் இதற்குள் வருகிறது. மாநிலம் அதே பணத்தைச் செலவிடும்போது மாநிலக் கணக்கிலும் மூலதனச் செலவாக ஏறும்; இரண்டையும் கூட்டினால் ஒரே பணம் இருமுறை எண்ணப்படும். ராணுவத் தளவாடங்களுக்கான 1.8 லட்சம் கோடியையும் தனியே எடுத்து வையுங்கள். பொதுத்துறை நிறுவனங்களுக்குப் போடும் முதலீட்டையும் கவனிக்க வேண்டும்: 2021-22-இல் ஏர் இந்தியாவின் பழைய கடன்களைத் தீர்க்கத் தந்த 51,971 கோடியும் மூலதனச் செலவாகத்தான் எழுதப்பட்டது. அதில் ஒரு செங்கல்கூட வைக்கப்படவில்லை.

மிச்சத்தைச் செலவின ஆவணத்தில் அமைச்சகவாரியாகப் பாருங்கள். நெடுஞ்சாலைக்குச் சுமார் 2.72 லட்சம் கோடி, ரயில்வேக்கு 2.52 லட்சம் கோடி. மொத்தத்தில் ஏறக்குறையப் பாதி இந்த இரண்டுக்குமே போகிறது.

‘பயனுறு மூலதனச் செலவு’ 15.48 லட்சம் கோடி என்றும் ஒரு எண் வரும். சொத்து உருவாக்க மாநிலங்களுக்கும் பிற அமைப்புகளுக்கும் தரும் மானியம் 4.27 லட்சம் கோடியைச் சேர்த்த தொகை அது. நூறு நாள் வேலைத் திட்டமும் அந்த மானியத்தில் அடக்கம் என்பதால், முந்தைய ஆண்டின் வெறும் மூலதனச் செலவோடு இதை ஒப்பிடக் கூடாது.

ஒதுக்கியது செலவானதா என்பதற்கு, மத்திய அரசின் கணக்குகளைத் தொகுக்கும் தலைமைக் கணக்குக் கட்டுப்பாட்டாளரின் மாதாந்திரக் கணக்கு இருக்கிறது. பொதுவாக அடுத்த மாதக் கடைசியில் வெளிவரும். எப்போதும் போன ஆண்டின் அதே மாதங்களோடு ஒப்பிடுங்கள். அப்போதும் தேர்தல் ஆண்டு ஏமாற்றும்: 2023 ஏப்ரல்-ஜூனில் 2.78 லட்சம் கோடியாக இருந்த செலவு, மக்களவைத் தேர்தல் நடந்த 2024-இன் அதே காலாண்டில் 1.81 லட்சம் கோடிக்கு இறங்கியது.

கடைசியாகப் பெருக்கி. மூலதனச் செலவில் ஒரு ரூபாய் கூடினால் உற்பத்தி 2.45 ரூபாய் கூடும் என்ற ஆய்வு மதிப்பீட்டைப் பலர் மொத்த ஒதுக்கீட்டின் மேல் போட்டுவிடுகிறார்கள். கூடுதலாகச் செலவாகும் தொகைக்கு மட்டுமே அது பொருந்தும். அந்தத் தொகையிலும் நிலம் கையகப்படுத்தக் கொடுத்த பணத்தைக் கழித்துவிடுங்கள்: நிலம் கை மாறுவதை ஜிடிபி கணக்கில் முதலீடாகச் சேர்ப்பதில்லை.