600 மி.மீ. லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஜக்கூர் ஏரிக்கரைப் பக்கம் போனால், நடைப்பயிற்சிக்கு வந்தவர்களுக்கு இடையே கை நீளத்துக்கு லென்ஸ் மாட்டிய கேமராக்களோடு நாலைந்து பேராவது நிற்பதைப் பார்க்கலாம். போன மாதம் அவர்களில் ஒருவன் என்னிடம் வந்தான். அல்சூரில் எங்கள் தெருவிலேயே வளர்ந்த பையன். புதிதாக வாங்கிய லென்ஸில் எடுத்த கூழைக்கடா படத்தைக் கேமராத் திரையில் பெரிதாக்கிக் காட்டி, "அண்ணா, ஒரு லட்சத்துக்கு மேல போட்டு வாங்கினேன். எல்லாப் படமும் ஈரத்துணியால துடைச்ச மாதிரி இருக்குண்ணா. வித்துடலாமா?" என்று கேட்டான். எட்டு ஆண்டுகளுக்கு முன் அதே கேள்வியை நானும் கேட்டுக்கொண்டேன், விற்கவும் செய்தேன். அவனுக்குச் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன். மவுண்ட் பொருந்துகிறதா, பில் இருக்கிறதா, உத்தரவாத அட்டையில் முத்திரை வைத்தார்களா என்பதையெல்லாம் கடையிலேயே சொல்லிவிடுவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

தூரத்தை லென்ஸ் கடந்துவிடும் என்று நம்புவது

பணத்தை அதிகமாகத் தின்னும் தவறு இதுதான். 600 என்ற குவியத் தொலைவு எண்ணைப் (இது கூடினால் தொலைவில் உள்ளது பெரிதாகத் தெரியும்) பார்த்ததும், ஏரியின் அக்கரையில் நிற்கும் நாரையை இக்கரையில் இருந்தே எடுத்துவிடலாம் என்று மனம் கணக்குப் போடுகிறது. கடையில் வாசலுக்கு வெளியே நீட்டி, எதிர்ச் சாரிக் கட்டடத்தின் பெயர்ப் பலகையைப் படித்துப் பார்க்கும்போது அந்த நம்பிக்கை இன்னும் உறுதிப்படுகிறது. எழுத்தைப் படிக்க முடிவதும் இறகின் இழைகளைப் பிரித்துக் காட்டும்படி ஒரு படம் எடுப்பதும் ஒன்றல்ல என்பது பணம் கட்டிய பிறகுதான் தெரிய வரும்.

முதலில் வெறும் கணக்கைப் பார்க்கலாம். நம்மில் பெரும்பாலோரிடம் உள்ள ஏ.பி.எஸ்.சி. சென்சார் (கேமராவுக்குள் படம் பதியும் சில்லு) ஏறத்தாழ 23.5 மி.மீ. அகலம் கொண்டது. அதில் 600 மி.மீ. லென்ஸை மாட்டி 20 மீட்டர் தொலைவில் உள்ள ஒன்றைப் பார்த்தால், சட்டத்துக்குள் அடங்கும் அகலம் சுமார் 78 செ.மீ. வெண்மார்பு மீன்கொத்தி அலகு முதல் வால் வரை ஏறக்குறைய 28 செ.மீ. இருக்கும், ஆகவே அது படத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிறைந்துவிடும். அதே மீன்கொத்தி 100 மீட்டர் தள்ளி அமர்ந்தால் சட்டத்தின் அகலம் 3.9 மீட்டராக விரிந்து, பறவை பதினான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். 24 மெகாபிக்சல் கேமராவில் 6,000 பிக்சல் அகலத்தில் 430 பிக்சல் மட்டுமே அதற்குக் கிடைக்கும். இன்னொரு கணக்கும் உண்டு. 400 மி.மீ. லென்ஸோடு 20 மீட்டரில் நிற்பவருக்கும் 600 மி.மீ. லென்ஸோடு 30 மீட்டரில் நிற்பவருக்கும் பறவை ஒரே அளவில்தான் தெரியும். அந்த 200 மி.மீ.க்காக நாம் கொடுக்கும் கூடுதல் பணமும் சுமக்கும் கூடுதல் எடையும் பத்து மீட்டர் நடைக்குச் சமம்.

இது கணக்கு மட்டும்தான் என்றால் படத்தை வெட்டிப் பெரிதாக்கிச் சமாளித்துவிடலாம். ஆனால் லென்ஸுக்கும் பறவைக்கும் நடுவில் காற்று இருக்கிறது. கோடையில் தார்ச் சாலையின் மேல் நெளியும் கானலை எல்லோரும் பார்த்திருக்கிறோம். வெப்பம் மாறினால் காற்றின் அடர்த்தி மாறும். அடர்த்தி மாறினால் அதன் வழியே வரும் ஒளி சற்றே வளையும். சூடும் குளிருமான காற்றுத் திட்டுகள் ஒன்றையொன்று உருட்டிக்கொண்டு ஓடும் நூறு மீட்டர் பாதையைக் கடந்து வரும் ஒளி, ஆயிரம் இடங்களில் சிறிது சிறிதாக வளைந்துதான் சென்சாரை அடைகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கும் அந்த நெளிவை, 600 மி.மீ. லென்ஸ் பறவையைப் பெரிதாக்கும் அதே விகிதத்தில் பெரிதாக்கிக் கொடுக்கும். பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள, அதிக ஒளியை உள்ளே விடும் எஃப் 4 லென்ஸுக்கும் இதிலிருந்து விலக்குக் கிடையாது. ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் நெளிந்த உருவம் நெளிந்தபடியே உறைந்து நிற்கும், அவ்வளவுதான்.

கானல் என்றால் ஏப்ரல் மாத மதியம் என்று நினைத்துவிட வேண்டாம். டிசம்பர் விடியலில் ஏரித் தண்ணீர் மேலே உள்ள காற்றைவிட வெதுவெதுப்பாக இருக்கும். நீர்மட்டத்தை ஒட்டி எடுக்கும் படங்கள் அப்போதும் குழையும். குளிரூட்டிய காரின் கண்ணாடியை இறக்கி, அந்த இடைவெளி வழியாக எடுத்தால் உள்ளே உள்ள குளிர்காற்றும் வெளியே உள்ள சூடான காற்றும் கலக்கும் அந்த ஓரத்திலேயே படம் கெட்டுவிடும். வெயிலில் நின்ற வண்டியில் கிடந்து சூடேறிய லென்ஸை வெளியே எடுத்து உடனே பயன்படுத்தினால், அதன் முன்மறைப்புக் குழாய்க்குள்ளேயே (ஹூட்) ஒரு சிறு கானல் ஓடிக்கொண்டிருக்கும். கால் மணி நேரம் வெளியே வைத்திருந்தால் அது அடங்கிவிடும்.

இவை எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. என் முதல் 150-600 லென்ஸோடு அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஏரிக்கரையில், காலைச் சிற்றுண்டியை நிதானமாக முடித்துவிட்டுப் பத்து மணிவாக்கில் போய் நின்று, நடுத்திட்டில் அடைந்திருந்த கூழைக்கடாக்களைச் சுட்டுத் தள்ளினேன். ஒரு படமும் தேறவில்லை. லென்ஸைப் பழுதுபார்க்கும் மையத்துக்கு இருமுறை அனுப்பினேன். இருமுறையும் குறை எதுவும் இல்லை என்ற சீட்டோடு திரும்பி வந்தது. அவர்கள் உண்மையைத்தான் எழுதியிருந்தார்கள். எனக்கு நம்ப மனமில்லை. 22,000 ரூபாய் நட்டத்துக்கு அதை விற்று, மேலும் பணம் போட்டு வேறு நிறுவனத்தின் லென்ஸை வாங்கி, அதே கரையில் அதே பத்து மணிக்குப் போய் நின்றேன். அதே ஈரத்துணிப் படம். என்னிடம் வாங்கியவரோ பழைய லென்ஸை ஒரு வேலியோரம் கொண்டுபோய், பன்னிரண்டு மீட்டர் தொலைவில் இருந்த பஞ்சுருட்டானை எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். கண்ணைச் சுற்றியுள்ள மயிரிழை இறகுகளை எண்ணலாம் போலிருந்தது. அந்தப் படத்தை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் எரிச்சலும் வருகிறது.

லென்ஸைக் குறை சொல்வதற்கு முன் வீட்டு மொட்டை மாடியில் இதைச் செய்து பாருங்கள். சுவரில் ஒரு தினசரிக் காலண்டரை மாட்டுங்கள். வெயில் ஏறுவதற்கு முன், பதினைந்து மீட்டர் தள்ளி முக்காலியில் கேமராவை நிறுத்தி, நடுக்கக் குறைப்பை அணைத்து, இரண்டு விநாடி டைமர் வைத்து, லென்ஸின் நீண்ட முனையில் பத்துப் படங்கள் எடுங்கள். தேதியைப் பார்க்காதீர்கள், கீழே பொடி எழுத்தில் இராகு காலம், எமகண்டம் போட்டிருக்கும் வரியைப் பாருங்கள். பத்திலும் அந்த வரி ஒரே மாதிரி மங்கலாக இருந்தால் லென்ஸையோ ஃபோகஸையோ சந்தேகிக்கலாம். டி.எஸ்.எல்.ஆர். (உள்ளே ஆடி வைத்த கேமரா) வைத்திருப்பவர்கள் திரையில் பார்த்துக் கையால் ஃபோகஸ் செய்து மீண்டும் எடுத்துப் பாருங்கள். அப்போது மட்டும் தெளிவாக வந்தால் ஃபோகஸ் அளவீடு விலகியிருக்கிறது என்று பொருள். லென்ஸ் கண்ணாடியில் பழுதில்லை. பத்துப் படங்களும் தெளிவாக இருந்து, ஏரிக்கரையில் எடுத்தவை மட்டும் ஒன்றுக்கொன்று வெவ்வேறு விதமாகக் குழைந்திருந்தால் குற்றவாளி காற்று.

அந்தப் பையனின் காலண்டரில் இராகு காலம் பளிச்சென்று தெரிந்தது.

எடையைக் காகிதத்தில் படிப்பது

சிக்மாவின் 150-600 இரு வடிவங்களில் வந்தது. கன்டெம்ப்ரரி 1,930 கிராம். ஸ்போர்ட்ஸ் 2,860 கிராம். ஒளித்துளை இரண்டிலும் ஒன்றுதான். காகிதத்தில் ஒரு கிலோவுக்கும் குறைவான இந்த வித்தியாசம், ஹெசரகட்டா புல்வெளியில் பூனைப்பருந்து தாழப் பறந்து வரும்வரை தூக்கிப் பிடித்துக் காத்திருக்கும் தோளுக்குத் தெரியும். நீட்டும்போது முன்குழாய் வெளியே வரும் லென்ஸ்களில் பளுவின் மையமும் நகர்ந்து, மணிக்கட்டை இழுக்கும். சோனியின் 200-600, நிக்கானின் இஸட் மவுண்ட் 180-600 ஆகியவை உள்ளேயே ஜூம் ஆவதால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் பைக்குள் அவை எப்போதும் முழு நீளத்திலேயே கிடக்கும். எதை வாங்குவதாக இருந்தாலும் ஒரு சனி, ஞாயிறுக்கு வாடகைக்கு எடுத்து, கடைசி மணி நேரத்திலும் அதைத் தூக்கும் விருப்பம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். என் நண்பர்கள் மூவரின் ஸ்போர்ட்ஸ் வகை லென்ஸ்கள் இன்று பீரோவில் இருக்கின்றன.

காட்டுச் சவாரி ஜீப்பில் முக்காலிக்கு இடம் இருக்காது. ஒரு மஞ்சப்பையில் மூன்று கிலோ அரிசியைக் கொட்டி வாயைத் தைத்துவிட்டால் கம்பியின் மேல் போட்டு லென்ஸைச் சாய்த்துக்கொள்ளலாம். எஞ்சின் ஓடாமல் இருக்கும்போது எடுங்கள்.

ஒளித்துளையின் கடைசி எண்ணைப் படிக்காமல் விடுவது

ஜூம் லென்ஸின் பெயரில் இரண்டு ஒளித்துளை எண்கள் (எஃப் எண் கூடக் கூடத் துளை சிறிது) இருந்தால், நாம் பயன்படுத்தப் போவது பெரும்பாலும் நீண்ட முனைக்கு உரிய இரண்டாவதைத்தான். எஃப் 4 உடன் ஒப்பிட்டால் எஃப் 6.3 ஏறத்தாழ இரண்டரை மடங்கு குறைவான ஒளியை விடும். கேனனின் ஆர்.எஃப். 200-800, 800 முனையில் எஃப் 9. அதற்கு எஃப் 6.3 லென்ஸைவிட இரண்டு மடங்கு ஒளி வேண்டும். திறந்த ஏரிக்கரையில் எட்டு மணி வெயிலில் இது ஒரு பொருட்டே இல்லை. கபினிக் காட்டில் மாலை ஆறு மணிக்கு மூங்கில் புதருக்குள் சிறுத்தை ஒன்று வாலை மட்டும் ஆட்டிக்கொண்டு படுத்திருக்கும்போது, ஐ.எஸ்.ஓ.வை (சென்சாரின் ஒளியுணர்வு) 12,800 வரை ஏற்றியும் ஷட்டர் வேகம் போதாமல் தவிப்பீர்கள். முக்கியமாகக் காட்டுக்குள் போகிறவர் என்றால் 600ஐ மறந்துவிட்டு, எஃப் 5.6 மாறாமல் நிற்கும் 500ஐயோ, 400க்குள் துளை பெரிதாக உள்ள ஒன்றையோ யோசிக்கலாம். அங்கே விலங்கு பெரியது, தூரமும் குறைவு.

டெலிகன்வெர்ட்டர்

எஃப் 6.3 ஜூமின் பின்னால், கேமராவுக்கு நடுவில் மாட்டி உருவத்தைப் பெரிதாக்கும் 1.4 மடங்கு கன்வெர்ட்டர் போட்டால் எஃப் 9 ஆகிவிடும், எஃப் 5.6க்கோ எஃப் 8க்கோ வரம்பு வைத்த டி.எஸ்.எல்.ஆர். ஆட்டோ ஃபோகஸ் அங்கே கைவிரித்துவிடும். வேண்டாம்.

நடுக்கக் குறைப்பு

அது உங்கள் கையின் ஆட்டத்துக்கானது. பறக்கும் பறவைக்கு 1/2000 விநாடி ஷட்டர் வேகம் வேண்டும்.

95 மி.மீ. முனைக்கு மலிவான ஃபில்டர்

போடாதீர்கள். முன்மறைப்பே போதும்.

பழைய நிக்கான் கேமராக்கள்

200-500 லென்ஸின் துளையை மின்னாற்றலால்தான் திறந்து மூட முடியும். டி90 போன்ற பழைய கேமரா உடல்களுக்கு அந்தக் கட்டளையை அனுப்பத் தெரியாது; படம் எப்போதும் முழுத்துளையில்தான் வரும். மலிவாகக் கிடைத்த பழைய உடலுக்கு இந்த லென்ஸை வாங்குகிறவர்கள் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பகல் வெளிச்சத்தில் பழைய லென்ஸைப் பரிசோதிப்பது

இரண்டாம் கை லென்ஸ் வாங்குவதில் தவறில்லை. நான் வைத்திருப்பதும் அதுதான். ஆனால் விற்பவரைக் காபிக் கடையில் சந்தித்து, ஜன்னலோரம் வைத்துப் பார்த்து வாங்காதீர்கள். பெங்களூரில் ஜூன் முதல் அக்டோபர் வரை அலமாரிக்குள் ஈரம் தேங்கும். நாலு மாதம் பைக்குள் மூடிக் கிடந்த லென்ஸின் உட்கண்ணாடியில், சிலந்திவலையின் நூல் போலப் பூஞ்சை கிளை விட்டிருக்கும். பகலில் அது தெரியாது. இருட்டான அறையில் லென்ஸை முழுத்துளைக்குத் திறந்து, பின்பக்கத்திலிருந்து சாய்வாக டார்ச் அடித்து, முன்பக்கத்திலிருந்து பாருங்கள். பிறகு டார்ச்சை முன்னாலும் கண்ணைப் பின்னாலும் மாற்றிப் பாருங்கள். தூசு நாலைந்து புள்ளி இருப்பது இயல்பு. இழை ஒன்று இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது பிற லென்ஸ்களோடு ஒரே பெட்டியில் வாழ வேண்டாம். கீழ் நோக்கிப் பிடித்தால் ஜூம் தானாக நழுவுகிறதா, முக்காலிக் கழுத்தின் திருகுகள் இறுகுகின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். வீட்டுக்கு வந்ததும் சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான பெட்டியில் ஈரமானி ஒன்றோடு வையுங்கள். முள் 40க்கும் 50க்கும் நடுவில் நிற்கட்டும்.