உயர்நிலை 1 தமிழ் வாசிப்பு வகுப்பு: கணினியை எங்கே திறப்பது, எங்கே மூடுவது

சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவர் கையிலும் இன்று ஒரு கற்றல் சாதனம் இருக்கிறது. 2021 இறுதிக்குள் எல்லாருக்கும் அது வந்து சேர்ந்தது. எஸ்எல்எஸ் எனப்படும் இணையவழி மாணவர் கற்றல் தளம் 2018 முதல் எல்லாப் பள்ளிகளிலும் புழக்கத்தில் இருக்கிறது. இவ்வளவும் கையில் இருப்பதால், புதிதாக வகுப்பெடுக்க வரும் தமிழாசிரியர் முதல் வாரத்திலேயே புதிர்ப் போட்டி, கருத்துப் பலகை, காணொளி என்று நான்கைந்து கருவிகளை ஒரே பாடவேளையில் அடுக்கிவிடுவது உண்டு. மாணவர்கள் சுறுசுறுப்பாகத்தான் இருப்பார்கள். ஆனால் மணி அடித்த பிறகு கணக்குப் பார்த்தால் ஒரு மாணவர் வாசித்த தமிழ் பத்து வரிகூடத் தேறாது.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் மிக அதிகமாகப் பேசும் மொழி தமிழ் என்றவர்கள், ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன குடியிருப்பாளர்களில் 2.5 விழுக்காட்டினர். நம் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் பலருக்கு, அன்றைக்குக் காதில் விழும் எழுத்துத் தமிழ் முழுவதும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் விழுகிறது. எனவே எந்தக் கருவியையும் தேர்ந்தெடுக்குமுன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இதனால் ஒவ்வொரு பிள்ளையும் கூடுதலாகத் தமிழைக் கேட்குமா, வாய்விட்டுப் படிக்குமா? இல்லையென்றால் அது வேண்டாம்.

கீழே இருப்பது 60 நிமிடப் பாடவேளைக்கு, சுமார் 20 பேர் உள்ள உயர்நிலை 1 வகுப்புக்கான முறை. வேண்டியவை: ஒரு பனுவல் (வாசிப்புப் பகுதி), எஸ்எல்எஸ், மைக்ரோசாஃப்ட் எட்ஜ் உலாவி, ஒலிவாங்கி உள்ள காதொலிப்பான்கள். அவ்வளவுதான்.

படி 1: பனுவலைத் தயார்செய்தல்

150 முதல் 180 சொற்கள் போதும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. இந்த அளவைச் சீராக வாய்விட்டு வாசிக்க மாணவருக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம் பிடிக்கும். தமிழ் முரசு நாளிதழ், மீடியாகார்ப்பின் ‘செய்தி’ ஆகியவற்றின் இணையத்தளங்களில் உள்ளூர்ச் செய்திகள் கிடைக்கும். எடுத்த இடத்தைப் பனுவலின் அடியில் குறிப்பிடுங்கள்.

தேசிய நூலக வாரியத்தின் மின்தொகுப்பில் சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர்களின் நூல்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. சிறுகதைக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை பக்கங்களின் படங்கள். அவற்றை இயந்திரம் வாசிக்காது. வேண்டிய பத்தியை நீங்களே தட்டச்சு செய்ய வேண்டும்.

பழைய பாடக்குறிப்புகளிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக வந்தால், அந்தக் கோப்பு யூனிகோடு என்னும் பொதுக் குறியேற்றத்துக்கு முந்தைய எழுத்துருவில் உள்ளது என்று பொருள். எழுத்துருவை மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை. குறியேற்ற மாற்றி ஒன்றில் இட்டு மாற்றுங்கள், அல்லது புதிதாகத் தட்டுங்கள். பிடிஎஃப் கோப்பிலிருந்து எடுத்தால் ‘கொ’, ‘கெ’, ‘கை’ போன்ற எழுத்துகளில் கொம்பு இடம்மாறி நிற்கலாம். வரிக்கு வரி சரிபாருங்கள்.

திரையில் எழுத்தளவு 16, வரி இடைவெளி ஒன்றரை. இரு ஓரங்களையும் சமப்படுத்தாதீர்கள். நீளமான சொல் அடுத்த வரிக்குப் போய்விட, இருக்கும் சொற்களுக்கிடையே பெரிய ஓட்டைகள் விழும். தட்டுத்தடுமாறி வாசிக்கும் பிள்ளை அந்த ஓட்டைகளில் தேவையில்லாமல் நிறுத்தும்.

படி 2: ஒலியைத் தயார்செய்தல்

முதல் வாசிப்பு ஆசிரியரின் குரலாக இருப்பதே சிறப்பு. கைப்பேசியில் பதிவுசெய்து எஸ்எல்எஸ் பாடத்தில் ஏற்றுங்கள். இயந்திரக் குரல், மாணவர் தனியாக மீண்டும் மீண்டும் கேட்பதற்கு. எட்ஜ் உலாவியில் எஸ்எல்எஸ் பக்கத்தைத் திறந்து கண்ட்ரோல், ஷிஃப்ட், யூ மூன்றையும் அழுத்தினால் சத்தமாக வாசிக்கும் வசதி வரும். குரல் பட்டியலில் சிங்கப்பூர்த் தமிழுக்கென்று வெண்பா, அன்பு என இரண்டு குரல்கள் உண்டு. இரண்டுக்கும் இணைய இணைப்பு வேண்டும். வேகத்தை ஒரு படி குறையுங்கள். கூகல் டாக்ஸ் பக்கத்தில் இந்த வசதியை நம்பாதீர்கள். அங்கே உரை படம்போல வரையப்படுவதால் குரல் உரையைப் பிடிக்காமல் போகலாம்.

வகுப்புக்கு முன் முழுப் பனுவலையும் ஒருமுறை கேட்டே ஆக வேண்டும். இயந்திரம் சறுக்கும் இடங்கள் பெரும்பாலும் நம் ஊர்ச் சொற்களில்தான் இருக்கும். தமிழில் வல்லின எழுத்து ஒன்றே பல ஒலிகளுக்கு நிற்கிறது. ‘பூகிஸ்’, ‘பீஷான்’ என்று இடப்பெயர்களை எழுதினால் முதல் ஒலி எது என்று எழுத்து சொல்வதில்லை. நமக்குத் தெரியும், இயந்திரம் ஊகிக்கிறது. ‘வீவக’ (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) போன்ற சுருக்கங்களும், ‘7.30க்கு’, ‘$3.50’ போன்ற எண்களும் அப்படியே. ‘ஏழரை மணிக்கு’, ‘மூன்று வெள்ளி ஐம்பது காசு’ என்று எழுத்தால் எழுதிவிடுங்கள். நீண்ட வாக்கியம் மூச்சுவிடாமல் ஓடினால் பொருள் பிரியும் இடத்தில் காற்புள்ளி இடுங்கள். பிறகும் தவறாக ஒலிக்கும் சொல் இருந்தால் அதை மாணவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இயந்திரம் சொன்னதே சரி என்று பதின்மூன்று வயதுப் பிள்ளை எளிதில் நம்பிவிடும்.

படி 3: வகுப்பில் முதல் 25 நிமிடம்

திரைகள் மூடியிருக்கட்டும். ஆசிரியர் குரலில் ஒருமுறை கேட்கச் செய்து, ‘யார், எங்கே, என்ன’ என்று மூன்று கேள்விகள் மட்டும் கேளுங்கள். அடுத்து திரையைத் திறந்து, உரையை விரலால் பின்தொடர்ந்தபடி காதொலிப்பானில் இரண்டாம் முறை கேட்கட்டும். மூன்றாம் முறை ஒலியில்லாமல் மௌன வாசிப்பு. புரியாத சொற்களில் ஐந்தை மட்டும் வண்ணமிட வேண்டும். எல்லை வைக்காவிட்டால் சிலர் பக்கம் முழுக்க மஞ்சள் பூசிவிடுவார்கள், சிலர் ஒன்றையும் தொடமாட்டார்கள். எந்தச் சொல்லில் அதிகம் பேர் வண்ணமிட்டார்களோ அதை மட்டும் வகுப்பில் விளக்கினால் போதும்.

படி 4: ஒலிப்பதிவு

பாடத்தின் உயிர் இங்கேதான். மாறிமாறி ஒவ்வொருவராக வாசிக்கும் வழக்கமான முறையில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நிமிடம் வாசிக்க, மீதிப் பத்தொன்பது நிமிடம் காத்திருக்கும். பதிவுசெய்தால் எல்லாரும் ஒரே நேரத்தில் முழுப் பனுவலையும் வாசிக்கலாம். எஸ்எல்எஸ் பாடத்தில் ஒலிப்பதிவாக விடையளிக்கும் கேள்வி ஒன்றைச் சேருங்கள்.

இருபது பேர் ஓர் அறையில் ஒரே நேரத்தில் பேசினால் ஒவ்வொரு பதிவிலும் நாலு குரல் கேட்கும். வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள். பத்துப் பேர் பதிவுசெய்யும்போது மற்ற பத்துப் பேர் கருத்தறிதல் கேள்விகளுக்குத் தாளில் விடை எழுதட்டும். பதிவுசெய்பவர்கள் அறையின் ஓரங்களில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, ஒலிவாங்கியை வாய்க்கு நேராக வைக்காமல் தாடைக்குப் பக்கமாக வைத்தால் மூச்சுக்காற்றின் இரைச்சலும் குறையும். முதலில் ‘சோதனை’ என்று ஒரு சொல் பதிந்து கேட்டுப்பார்க்கச் சொல்லுங்கள். ஒலிவாங்கிக்கு உலாவி அனுமதி கேட்கும்போது ‘வேண்டாம்’ என்று அழுத்திவிட்டு வெற்றுப் பதிவை அனுப்பும் பிள்ளை எல்லா வகுப்பிலும் இருக்கும்.

அனுப்புமுன் பக்கத்திலிருப்பவர் ஒருமுறை கேட்க வேண்டும். அவருக்குக் கொடுக்கும் பட்டியலில் மூன்று மட்டுமே இருக்கட்டும்: ‘படம்’, ‘பாடம்’ போன்ற குறில் நெடில், ல, ள, ழ, சொல்லின் கடைசி எழுத்துகள் விழுங்கப்படாமை. கடைசியது முக்கியம். நம் மாணவர்கள் சொல்லின் தொடக்கத்தைப் பார்த்து மீதியை ஊகித்துவிடுகிறார்கள். ‘வீட்டிலிருந்து’ என்பது ‘வீட்டில்’ ஆகிவிடும், பொருளே மாறிவிடும்.

இருபது பதிவுகளையும் ஆசிரியர் முழுதாகக் கேட்க நாற்பது நிமிடம் ஆகும். மூன்று வகுப்பு எடுப்பவருக்கு அது நடக்காது. எல்லாருடைய பதிவிலும் அதே இரண்டாம் பத்தியை, அரை நிமிடம் மட்டும் கேளுங்கள். பத்து நிமிடத்தில் முடியும். ஒரே பத்தியைக் கேட்பதால் எந்த இடத்தில் வகுப்பே தடுமாறுகிறது என்பதும் பிடிபடும்.

இயந்திரம் குரலை எழுத்தாக்குகிறதே, அதைக் கொண்டு உச்சரிப்பைத் திருத்தலாமே என்று தோன்றும். வேண்டாம். அந்த மென்பொருள் ஒலியை மட்டும் கேட்பதில்லை, அடுத்து வரக்கூடிய சொல்லையும் ஊகிக்கிறது. மாணவர் ‘பலம் சாப்பிட்டேன்’ என்று சொன்னாலும் அது ‘பழம் சாப்பிட்டேன்’ என்று எழுதிக்கொடுக்கக்கூடும். பிள்ளை தன் உச்சரிப்பு சரி என்று எண்ணிக்கொள்ளும்.

படி 5: பேச்சுத் தமிழுக்கு மாறுதல்

வாசித்து முடித்ததும் திரையை மூடிவிட்டு, படித்ததைப் பக்கத்திலிருப்பவரிடம் அரை நிமிடம் பேச்சுத் தமிழில் சொல்ல வேண்டும். ‘அவர்கள் சென்றார்கள்’ என்று வாசித்ததை ‘அவங்க போனாங்க’ என்று சொல்லும் பயிற்சி இது. வாய்மொழித் தேர்வில் வாய்விட்டு வாசித்தலும் காணொளியை ஒட்டிய உரையாடலும் அடுத்தடுத்து வருகின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவத் தெரியாமல்தான் பலர் உரையாடலிலும் புத்தகம் வாசிப்பதுபோலப் பேசுகிறார்கள்.

எழுதும் பகுதி

சாதனத்தில் தமிழ் விசைப்பலகை முன்பே சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். ஐபேடில் அமைப்புகளில் பொது, விசைப்பலகை என்று போய்த் தமிழைச் சேர்த்தால் தமிழ் 99, அஞ்சல் என்ற இரு விசைப்பலகை அமைப்புகளும் கிடைக்கும். சாதன மேலாண்மைச் செயலி அமைப்புகளைப் பூட்டியிருந்தால் பள்ளியின் தகவல் தொழில்நுட்பப் பிரிவிடம் ஒரு வாரம் முன்பே கேளுங்கள். ஆங்கில எழுத்தால் தட்டிப் பட்டியலிலிருந்து சொல்லைத் தேர்ந்தெடுக்கும் முறை வேகமானது, ஆனால் பட்டியலின் முதல் சொல்லையே எடுத்துவிடும் பழக்கம் வரும். ன, ண குழப்பம் அப்படியே நிற்கும். தமிழ் 99 அப்படியல்ல. எந்த எழுத்து என்று மாணவரே முடிவுசெய்ய வேண்டும். அதே சமயம் ‘தங்கம்’ என்று தட்டும்போது ‘ங்’ மேல் புள்ளியை அதுவே வைத்துவிடும். வாரம் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குவது வீண்போகாது. ‘ஔ’ எழுத ‘ஒ’வையும் ‘ள’வையும் சேர்த்துத் தட்டுகிறார்களா என்று பாருங்கள். பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும், ‘ஔவையார்’ என்று தேடினால் கிடைக்காது.

செயற்கை நுண்ணறிவிடம் பனுவல் கேட்டு வாங்குவோருக்கு ஒரு சொல்: அது தரும் தமிழ் பெரும்பாலும் தமிழ்நாட்டு வழக்கிலும் மொழிபெயர்ப்பு நடையிலும் இருக்கும். சிங்கப்பூரில் வழங்கும் ‘அமைச்சு’ என்பது ‘அமைச்சகம்’ ஆகியிருக்கும். கேள்விகள் தயாரிக்க உதவிக்கு வைத்துக்கொள்ளலாம். பனுவலை மனிதர் எழுதியதாகவே எடுங்கள்.

மின்னூட்டம் தீர்ந்த சாதனம், மறந்துபோன கடவுச்சொல், திணறும் இணைப்பு மூன்றுக்கும் சேர்த்துப் பனுவலின் ஐந்து அச்சுப்படிகள் மேசையில் இருக்கட்டும். சாதனம் இல்லாத பிள்ளை உங்களிடம் நேரில் வாசித்துக் காட்டலாம்.

இரண்டு வாரம் கழித்து அதே பனுவலை மறுபடி பதியச் சொல்லுங்கள். பழைய பதிவையும் புதிய பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டு, மாறிய சொற்களின்கீழ் மாணவரே அச்சுப்படியில் கோடிட வேண்டும். இதற்கு மதிப்பெண் போடாதீர்கள். போட்டால் முதல் பதிவையே பத்துமுறை அழித்தழித்துப் பதிவார்கள், ஒப்பிட ஒன்றும் இருக்காது.