மெக்ரிச்சி தொங்குபாலம்: புறப்படும் முன் போட வேண்டிய கணக்கு

சிங்கப்பூரின் மெக்ரிச்சி நீர்த்தேக்கப் பூங்காவில் நுழைந்ததுமே தொங்குபாலம் வந்துவிடும் என்று நம்பி, ரப்பர் செருப்பும் அரை பாட்டில் தண்ணீருமாக வருகிறவர்கள் பாதி வழியிலேயே களைத்துப்போகிறார்கள். பாலம் காட்டுக்குள் சுமார் 4.5 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பாலத்தைக் கடந்து சுற்றித் திரும்ப 10 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். நான்கைந்து மணி நேரம் வேண்டும். தாத்தா பாட்டியோ சிறுபிள்ளைகளோ கூட வந்தால் வீனஸ் டிரைவ் கார் நிறுத்துமிடத்திலிருந்து நடங்கள், தூரம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

திங்கட்கிழமை பாலம் மூடியிருக்கும். பொது விடுமுறையானால் மட்டும் திறப்பார்கள். மற்ற வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரை, சனி ஞாயிறு 8.30க்கே திறந்துவிடும். காலையிலேயே போவதுதான் நல்லது. பிற்பகலில், அதிலும் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில், இடிமழை திடீரென்று பிடித்துக்கொள்ளும். மழை, மின்னல் என்றால் பாலத்தை மூடிவிடுவார்கள், நடந்த நடை வீண்.

ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், பிடிப்புள்ள அடிப்பாகம் கொண்ட காலணி. மண் பாதையின் குறுக்கே விரல் விரலாக வேர்கள் ஓடும். ஈரத்தில் அவை சோப்புக்கட்டி போல வழுக்கும். வேர்மேல் மிதிக்காமல் தாண்டி வையுங்கள்.

2004இல் திறந்த பாலம் 250 மீட்டர் நீளம். உயரமான இடத்தில் தரை 25 மீட்டர் கீழே. ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். ஒருவழி என்பதால் நடுவில் திரும்பக் கூடாது. இறங்கியபின் பெட்டாலிங் பாதையில் மரப்படிகள் ஏராளம். தள்ளுவண்டிக்கு வழியே இல்லை. முட்டிவலி உள்ளவர்கள் பாலத்துக்கு முன்னால் உள்ள ரேஞ்சர் நிலையத்தில் உட்கார்ந்திருக்கலாம்: அங்கே கழிவறையும் குடிநீரும் உண்டு, பாலத்தைக் கடந்தவர்களும் சுற்றிக்கொண்டு அங்கேதான் வந்து சேர்வார்கள்.

கடைசியாக, குரங்குகள். பிளாஸ்டிக் பை சலசலத்தாலே சாப்பாடு என்று பாய்ந்து வரும். எல்லாவற்றையும் ஜிப் போட்ட முதுகுப்பையில் வையுங்கள். தயவுசெய்து ஒரு கடலைகூடப் போடாதீர்கள். மனிதர் கையையே எதிர்பார்க்கும் குரங்குதான் பிறகு பறிக்கவும் கடிக்கவும் துணிகிறது. தீனி போட்டு முதல்முறை பிடிபட்டாலே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். குரங்கு எதிரே வந்து நின்றால் கண்ணைப் பார்க்காமல், பல்லைக் காட்டிச் சிரிக்காமல், மெல்லப் பின்வாங்குங்கள்; பிள்ளையை ஓடவிடாமல் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.