ஷானியா ட்வெய்னின் 'அப்!' ஆல்பத்தை மூன்று வண்ணத்திலும் கேட்பது எப்படி

அமெரிக்கக் கிராமப்புறத்தில் பிறந்த கன்ட்ரி இசை என்றால் என்ன என்று யாராவது கேட்டால் தொப்பி, குதிரை என்று கதை சொல்லாமல் இந்த ஒரு ஆல்பத்தைக் கேட்கச் சொல்லிவிடலாம் என்பது என் கட்சி. 2002 நவம்பரில் கன்ட்ரி பாடகி ஷானியா ட்வெய்ன் 'அப்!' ஆல்பத்தைக் கொண்டுவந்தபோது அதே 19 பாட்டுகளையும் மூன்று விதமாகச் செய்திருந்தார். வரிகளும் மெட்டும் ஒன்றுதான், பாடுகிற குரலும் ஒன்றுதான், பின்னால் வாசிப்பது மட்டும் வேறு. சிவப்பு வட்டு பாப், பச்சை வட்டு கன்ட்ரி, நீல வட்டில் இந்தியத் தாளமும் வாத்தியங்களும். ஒரு பாட்டிலிருந்து கன்ட்ரியை உருவி எடுத்தால் என்ன மிஞ்சும் என்று காதாலேயே சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

கேட்க உட்காரும் முன் கொஞ்சம் பின்கதை தெரிந்திருந்தால் நல்லது. ஷானியா கனடாக்காரர், ஒன்டாரியோ மாகாணத்தில் டிம்மின்ஸ் என்ற ஊரில் வளர்ந்தவர். அவருடைய 1997 ஆல்பமான 'கம் ஆன் ஓவர்' உலகம் முழுக்க சுமார் 4 கோடி பிரதிகள் விற்றது. அந்த ஆல்பத்துக்கே அமெரிக்காவுக்கு ஒரு கலவை (மிக்ஸ்), வெளிநாடுகளுக்குக் கன்ட்ரி வாத்தியங்களைக் குறைத்து இன்னொரு கலவை என்று செய்திருந்தார்கள். 'அப்!' வந்தபோது அந்த வேலையை வெளிப்படையாக, வண்ணம் போட்டே செய்துவிட்டார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒரே பெட்டியில் சிவப்பும் பச்சையும், மற்ற நாடுகளில் சிவப்பும் நீலமும். அதாவது வெளிநாட்டில் கடைக்குப் போய் வாங்கியவர்களில் நிறையப் பேர் ஒரு கன்ட்ரி பாடகியின் ஆல்பத்தை அதன் கன்ட்ரி வடிவத்தைக் கேட்காமலேயே வாங்கியிருக்கிறார்கள்! அமெரிக்காவில் முதல் வாரத்திலேயே 8,74,000 பிரதிகள் போய், பில்போர்டு 200 என்ற அமெரிக்க ஆல்பப் பட்டியலில் நேராக முதல் இடத்தில் வந்து நின்றது. பிறகு விற்பனைக்குத் தருகிற பிளாட்டினம் சான்றிதழும் 11 மடங்காகக் கிடைத்தது (ஒரு மடங்கு என்றால் 10 லட்சம்). இரட்டை வட்டு என்பதால் அந்தச் சான்றிதழில் ஒரு பெட்டி இரண்டாக எண்ணப்பட்டது, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில், 19 பாட்டையும் மூன்று தடவை வரிசையாகக் கேட்க முயற்சி செய்யாதீர்கள். 57 பாட்டு ஆகிவிடும், பாதியிலேயே காது மரத்துப்போகும். நான்கு பாட்டு போதும். என் தேர்வு: 'ஐம் கோன்னா கெட்சா குட்!', 'ஃபாரெவர் அண்ட் ஃபார் ஆல்வேஸ்', 'கா-சிங்!', 'இட் ஒன்லி ஹர்ட்ஸ் வென் ஐம் ப்ரீதிங்'. இந்த நான்குக்கும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தேடி எடுத்து, ஒரே பாட்டின் மூன்று வடிவங்களும் அடுத்தடுத்து வருகிற மாதிரி ஒரு பிளேலிஸ்ட் போட்டுக்கொள்ளுங்கள். ஷஃபிளை அணைத்துவிடுங்கள். செயலியில் எல்லாப் பாட்டின் சத்தத்தையும் ஒரே அளவாக்கும் வசதி இருந்தால் அதைக் கட்டாயம் போட்டுவையுங்கள், ஏனென்றால் இரண்டு வடிவங்களில் எது கொஞ்சம் சத்தமாக இருக்கிறதோ அதுதான் நன்றாக இருக்கிறது என்று காது நம்மை ஏமாற்றிவிடும், அப்புறம் ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. போன் ஸ்பீக்கர் வேண்டாம், சாதாரண இயர்போன் இருந்தாலும் போதும்.

முதலில் சிவப்பைக் கேளுங்கள். பச்சை எனக்குப் பிடித்தது என்றாலும் இந்த வரிசையை மாற்றச் சொல்ல மாட்டேன். தயாரிப்பாளர் மட் லாங், அப்போது ஷானியாவின் கணவர், ராக் உலகத்திலிருந்து வந்தவர். ஏசி/டிசியின் 'பேக் இன் பிளாக்', டெஃப் லெப்பர்டின் 'ஹிஸ்டீரியா' எல்லாம் அவர் கைவேலை. அவருடைய முத்திரை பின்னணிக் குரல்களில் இருக்கிறது: ஒரே வரியைப் பல தடவை பாடிப் பதிவு செய்து அடுக்கடுக்காக வைப்பார், பல்லவி வரும்போது ஒருவர் பாடுகிற மாதிரி இல்லாமல் ஒரு சுவரே எழுந்து நிற்கிற மாதிரி இருக்கும். 'ஐம் கோன்னா கெட்சா குட்!' பல்லவியில் அந்தச் சுவரை மட்டும் கவனியுங்கள், மற்ற எதையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

இப்போது அதே பாட்டைப் பச்சையில் போடுங்கள். சுவர் அங்கேயேதான் இருக்கும், அதைச் சுற்றி ஆட்கள் மாறியிருப்பார்கள். இங்கேதான் நிதானமாக உட்கார வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு வாத்தியத்தை மட்டும் பின்தொடருங்கள். பிடில் என்பது நாம் அறிந்த வயலினேதான், ஆனால் இரண்டு கம்பிகளை ஒரே வீச்சில் இழுத்து, கொஞ்சம் கரகரப்போடு வாசிப்பார்கள். தோல் போர்த்திய கிட்டார் மாதிரியான பான்ஜோவின் ஒலி டக்கென்று எழுந்து உடனே செத்துவிடும், அதனால்தான் அதை விடாமல் பொடிப்பொடியாக வாசித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. மாண்டலினில் இரட்டை இரட்டையாக எட்டுக் கம்பிகள்.

பெடல் ஸ்டீல் என்ற கிட்டார் வகைக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். அது கால் வைத்த சின்ன மேசை மாதிரி இருக்கும். முன்னால் உட்கார்ந்து, இடது கையில் ஒரு இரும்புத் துண்டைக் கம்பிகள் மேல் வழுக்கி, காலால் பெடலையும் முழங்காலால் நெம்புகோலையும் தள்ளி வாசிக்க வேண்டும். பெடலை மிதித்தால் ஒரு கம்பியின் சுருதி மட்டும் மெல்ல ஏறும், பக்கத்துக் கம்பி நின்ற இடத்திலேயே நிற்கும். ஒன்று நகர, ஒன்று நிற்க, நடுவில் பிறக்கிற அந்த உரசல்தான் கன்ட்ரியின் அழுகை. வீணையில் கம்பியை இழுத்து வாசிப்பதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது சட்டென்று பிடிபடும், இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவில் இருக்கிற வழியைக் காட்டுவதுதான் இரண்டிலும் ருசி.

இன்னொன்று கவனியுங்கள்: இந்த வாத்தியங்கள் எப்போது வருகின்றன? பாடகி ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் இடைவெளியில், பதில் சொல்கிற மாதிரி. ஷானியா பாட, பிடில் பதில் சொல்ல, மறுபடி அவர் பாட என்று ஒரு பேச்சு நடக்கும். சிவப்பில் அதே இடைவெளியைப் பெரும்பாலும் தாளமும் எலெக்ட்ரிக் கிட்டாரும் கீபோர்டும் நிரப்பிவிடும். இது பிடிபட்டதும் எந்தக் கன்ட்ரி ஆல்பத்தைக் கேட்டாலும் காது தானாக அந்த இடைவெளிக்கே போய் நிற்கும்.

அடுத்தது வரிகள். 'இட் ஒன்லி ஹர்ட்ஸ் வென் ஐம் ப்ரீதிங்' பாட்டை எடுத்து, முதலில் தலைப்பை மட்டும் யோசியுங்கள். பிரிந்துபோனவள் எனக்கு ஒன்றுமில்லை, மூச்சு விடும்போது மட்டும்தான் வலிக்கிறது என்கிறாள். சமாளித்துவிட்டேன் என்று ஆரம்பித்து அதே வாக்கியத்தில் உடைந்துபோவது கன்ட்ரி பாட்டெழுத்தின் பழைய வித்தை, தலைப்பிலேயே ஒரு திருப்பம் ஒளிந்திருக்கும். இந்தப் பாட்டைச் சிவப்பில் கேட்டாலும் அது கன்ட்ரிதான், வாத்தியத்தை மாற்றி அதை மறைக்க முடியாது. ஆனால் சோகம் முழுசாக உட்காருவது பச்சையில் மட்டும்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 'கா-சிங்!' அதற்கு நேர் எதிர். பணப்பெட்டி திறக்கும் சத்தம்தான் தலைப்பு, கடனுக்காவது வாங்கிக் குவிக்கிற மோகத்தைப் பற்றிய பாட்டு. இது ஐரோப்பாவில் தனிப்பாட்டாக வெளியாகி நன்றாக ஓடியது, எனக்கும் இது சிவப்பில்தான் சரியாகப் பொருந்துகிறது.

நீலத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் பர்மிங்காமைச் சேர்ந்த சைமன், டைமண்ட் என்ற இசைத் தயாரிப்பாளர்களான துகல் சகோதரர்களின் பங்கு இதில் பெரிது. இதை வெறும் வேடிக்கைக்குச் செய்தது என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு, அது அநியாயம். 'ஃபாரெவர் அண்ட் ஃபார் ஆல்வேஸ்' பாட்டைப் பச்சையில் கேட்டுவிட்டு உடனே நீலத்தில் கேளுங்கள். அதே மெட்டு, அதே குரல், ஆனால் தாளம் வேறு மாதிரி அசைவதால் ஷானியா சொற்களை எங்கே அழுத்துகிறார், எங்கே இழுக்கிறார் என்பது புதிதாகத் தெரியும். அந்த இழுப்பிலும், சொல்லின் வாலை லேசாக மடக்கி விடுவதிலும் கன்ட்ரி பாடகி அப்படியே இருக்கிறார். குரலுக்குள் இருப்பதை எந்தக் கலவையாலும் எடுக்க முடியவில்லை.

நான்கு பாட்டும் முடிந்த பிறகு, வேறொரு நாளில், 'கம் ஆன் ஓவர்' ஆல்பத்துக்குத் திரும்பிப் போய் 'யூ ஆர் ஸ்டில் தி ஒன்' பாட்டின் அமெரிக்கக் கலவையையும் வெளிநாட்டுக் கலவையையும் அடுத்தடுத்துப் போடுங்கள். இந்தத் தடவை எந்த வாத்தியத்தைத் தேட வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை, அமெரிக்கக் கலவையில் அது எங்கே வருகிறது, மற்றதில் எங்கே காணாமல் போகிறது என்று நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.