உள்ளங்கையில் பருப்பு கடையத் தெரியுமா?

குழந்தைக்குப் பாட்டுச் சொல்லித்தர நினைத்தால் முதலில் போனை எட்டாத இடத்தில் வையுங்கள். இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம், 2 முதல் 4 வயதுவரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லிவிட்டது. அதை விடுங்கள், என் குறை வேறு. வீடியோவில் வரும் பாட்டு யாருக்காகவும் நிற்காது. குழந்தை அடுத்த வார்த்தையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அது பாடி முடித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடும்.

நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த பருப்பு கடையும் விளையாட்டையே எடுத்துக்கொள்வோம். குழந்தையை எதிரே உட்காரவைத்து, உள்ளங்கையை விரித்துப் பிடித்து, ஆள்காட்டி விரலால் மெதுவாகக் கடையுங்கள் (சில வீடுகளில் முழங்கையால் கடைவார்கள், அதற்குச் சிரிப்பு இன்னும் கூடுதல்). அப்புறம் சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாகப் பிடித்து அம்மாவுக்கு, அப்பாவுக்கு, தாத்தாவுக்கு என்று பங்கு வையுங்கள். அவசரப்படாதீர்கள். ஒரு விரலுக்கு ஒரு ஆள், ஒரு ஆளுக்கு ஒரு பங்கு, எண்ணுதல் என்பதே இதுதான். ஒன்று, இரண்டு என்று வாயால் ஒப்பிப்பது அப்புறம் தானாக வரும். பாட்டில் இருக்கிற உறவுகளே வேண்டும் என்று இல்லை, உங்கள் வீட்டில் அத்தை இருந்தால் அத்தைக்கு ஒரு விரல் கொடுங்கள், பூனை இருந்தால் பூனைக்கும்.

கடைசியில் நண்டு ஊரும், நரி ஊரும், விரல்கள் கைமேல் ஏறும். முழங்கை வந்ததும் நிறுத்திவிடுங்கள். மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை ஒன்றும் பேசாதீர்கள். நாலைந்து நாள் விளையாடிய குழந்தை நீங்கள் அக்குளைத் தொடும் முன்பே தோளைச் சுருக்கிக்கொண்டு சிரிக்கும். அடுத்து என்ன வரும் என்று அதற்குத் தெரிந்துவிட்டது! பேச்சு வரத் தொடங்கிய பிள்ளையாக இருந்தால் அந்த இடைவெளியில் ஒரு வார்த்தையோ அரை வார்த்தையோ விழும். மழலையைத் திருத்த வேண்டாம், நீங்கள் சரியாகச் சொல்லிவிட்டு மேலே போங்கள், போதும்.

இரண்டரை, மூன்று வயதில் இதே விளையாட்டில் வேண்டுமென்றே ஒரு விரலை விட்டுவிட்டுப் பாருங்கள், சண்டைக்கு வருவார்கள். "யாருக்குக் குடுக்கல?" என்று கேட்டால் அதுதான் கணக்குப் பாடம்.

இதெல்லாம் புதுசு இல்லை. பிள்ளைத்தமிழில் வரும் பருவங்களைப் பாருங்கள்: செங்கீரை ஆடுவது, சப்பாணி கொட்டுவது, அம்புலியைக் கூப்பிடுவது. சாய்ந்தாடுவதும் கைதட்டுவதும் நிலாவைக் காட்டிச் சோறூட்டுவதும் அதே வரிசைதான். உட்காரத் தடுமாறும் குழந்தைக்கு ஆட்டம், கை சேர்ந்ததும் தட்டல், விரல் நீட்டத் தெரிந்ததும் நிலா. உங்கள் குழந்தை எதில் இருக்கிறதோ அதிலிருந்து தொடங்குங்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் வயதை வைத்து அல்ல.

பள்ளிக்குப் போகும் வயதில் எழுத்துக்கும் இதே கை உதவும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மாத்திரை என்பது கண் இமைக்கும் அல்லது கை நொடிக்கும் நேரம் என்று இலக்கணம் சொல்கிறது. இலக்கணத்தையே செய்கையாக்கிவிடலாம்: 'கல்' என்றால் டப்பென்று ஒரு தட்டு, 'கால்' என்றால் தட்டிய கைகளை மெல்ல அகல விரிப்பது. பல், பால். படம், பாடம். அது பழகியதும் பட்டம், வட்டம், கட்டம், சட்டம் என்று முதல் எழுத்தை மட்டும் மாற்றிப் பந்து போடுங்கள், ஆளுக்கொரு வார்த்தை. 'ஙட்டம்' என்று அர்த்தமே இல்லாதது வந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள், காது சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தம்.

ஒரு வாரத்துக்கு ஒரே பாட்டு போதும், உங்களுக்குத்தான் சலிக்கும். குளிக்கும்போது, சட்டை போடும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது இரண்டு நிமிடம். முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ கையை இழுத்துக்கொண்டாலோ அன்றைக்குக் கடையை மூடிவிடுங்கள். நாளைக்கு அதுவே வந்து உள்ளங்கையை நீட்டும்.